இனுயிட் விலங்குச் சிற்பங்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கனடாவின் விமான நிலையக் கடைகளிலும் சுற்றுலா ஊர்களின் பரிசுப்பொருள் கடைகளிலும் பளபளவென்று கருப்புப் பனிக்கரடிகள் வரிசையாக நிற்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு கலைக்கூடத்தில் அதே உயரத்தில் இன்னொரு கரடி பத்து மடங்கு விலையில் இருக்கும். இரண்டின் அடியிலும் கையெழுத்து உண்டு. இரண்டின் அட்டையிலும் வடதுருவம், வேட்டை, மரபு என்ற சொற்கள் உண்டு. எது கனடிய வடதுருவத்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் செதுக்கியது, எது போலி என்று பணம் கொடுப்பவர் குழம்புவது இயல்புதான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் விலங்கின் உடலைப் பாருங்கள். அடுத்து கல்லைப் பாருங்கள். சிற்பத்தில் கட்டிய சீட்டையும் அடியிலுள்ள கையெழுத்தையும் கடைசியாகப் பாருங்கள். வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏமாறுவதும் அங்கேதான்.

இன்று சந்தையில் இருக்கும் கற்சிற்பங்களின் கதை 1948-இல் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக் ஊருக்குப் போய்ச் சில சிற்பங்களோடு திரும்பினார். 1949 நவம்பரில் மான்ட்ரியாலில் கைவினைச் சங்கம் நடத்திய விற்பனையில் வைத்ததெல்லாம் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது. ஆனால் விலங்கைச் செதுக்கும் பழக்கம் அதற்கும் மிக மூத்தது. இனுயிட்டுக்கு முன் அங்கே வாழ்ந்த டோர்செட் பண்பாட்டினர், விரல் நீளத் தந்தத் துண்டுகளில் மிதக்கும் கரடிகளைச் செதுக்கி, தோலின் மேலேயே எலும்புக்கூட்டைக் கோடுகளாகக் கீறியிருக்கிறார்கள்.

உடல் பொய் சொல்லாது

நல்ல சிற்பி, வேட்டையாடி உரித்துக் கூறுபோட்ட விலங்கைச் செதுக்குகிறார். போலி செய்பவர் படத்தைப் பார்த்துச் செதுக்குகிறார். இந்த வேறுபாடு சில இடங்களில் கட்டாயம் தெரியும்.

பனிக்கரடிக்குக் கழுத்து நீளம், தலை ஒடுக்கம், காது சிறியது. தோளில் திமில் கிடையாது. தோளுக்கு மேல் மேடு எழும்பினால் அது பழுப்புக் கரடியின் உடல். செதுக்கியவர் பனிக்கரடியைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முன்பாதம் துடுப்பு மாதிரி அகலமாக இருக்க வேண்டும். நடக்கும் கரடியில் தலை தோளுக்குக் கீழே தாழ்ந்து, பின்பாகம் கனத்துத் தெரிந்தால் நல்ல அடையாளம்.

சீல் இன்னும் எளிது. கனடிய வடதுருவத்துச் சீலுக்கு வெளிக்காது இல்லை. அதன் பின்துடுப்புகள் பின்னோக்கியே நீளும், முன்னால் மடங்காது. முன்துடுப்பை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி, பின்துடுப்பை வயிற்றுக்குக் கீழே மடக்கி உட்கார்ந்திருந்தால் அது கடற்சிங்கம். அந்த விலங்கு அந்தக் கடலிலேயே இல்லை. வால்ரஸ் மட்டும் பின்துடுப்பை முன்னால் மடக்கும், ஆகவே அதில் அந்த நிலை சரி. வால்ரஸின் தந்தங்கள் மேல்தாடையிலிருந்து நேராகக் கீழிறங்க வேண்டும். யானைக்குப் போலக் கன்னத்தின் பக்கத்திலிருந்து கிளம்பக் கூடாது.

நார்வால் என்ற திமிங்கிலத்தின் நீண்ட தந்தம் உண்மையில் மேல்தாடையின் இடப்பக்கப் பல். உதட்டைத் துளைத்து வெளியே வரும், முறுக்கு இடஞ்சுழியாக ஓடும். நெற்றியில் நட்டுவைத்திருந்தால் அது கதைப்புத்தகத்து ஒற்றைக்கொம்புக் குதிரை. லூன் பறவைக்குக் கால்கள் உடலின் கடைக்கோடியில் இருப்பதால் நிலத்தில் வாத்து போல நிமிர்ந்து நிற்க வராது. நீரில் அமிழ்ந்தோ கூட்டில் படிந்தோ செதுக்கியிருந்தால் நம்பலாம். கஸ்தூரி எருதின் கொம்புகள் நெற்றியில் ஒன்றையொன்று தொடும் அளவுக்குத் தடித்துத் தொடங்கி, கன்னத்தை ஒட்டிக் கீழிறங்கி, நுனியில் மட்டும் மேலே வளையும். மாட்டுக்கொம்பு மாதிரி பக்கவாட்டில் விரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேண்டுமென்றே உருமாற்றிச் செதுக்குவது வேறு, தெரியாமல் தப்புவது வேறு. சிற்பி பௌட்டா சைலாவின் நடனக்கரடி ஒற்றைக் காலில் நிற்கும். உடற்கூறுப்படி அளந்தால் எதுவுமே பொருந்தாது. ஆனால் அந்தப் பாறை போன்ற உடலின் கனம் முழுதும் ஒரு பாதத்தில் இறங்குவதைக் கண் நம்பிவிடும். லட்சோலாசி அக்கேசுக்கின் பறவைகள் குண்டுக்குழந்தைகள் போல இருந்தாலும் பறவையேதான். பாதி மனிதன், பாதி கரடி என்று மந்திரவாதி உருமாறும் சிற்பங்களும், இடுப்புக்குக் கீழே கடல் உயிராக நீளும் கடலன்னை செட்னாவும் அப்படித்தான். உருமாற்றத்தில் ஒரு முடிவு தெரியும்: எதைப் பெரிதாக்கினார், எதை விட்டார் என்று சொல்லிவிடலாம். தெரியாத கையில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மங்கியிருக்கும்.

ஒரு கரடியைக் கையில் எடுத்தால் நாங்கள் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து, பின்னங்கால்களுக்கு இடையில் பார்ப்போம். அரமும் தேய்ப்புத்தாளும் நுழையச் சிரமமான இடம் அது. நல்ல வேலையில் உள்தொடையின் வளைவு வயிற்றோடு சேரும் கோடு தெளிவாக இருக்கும், பாதத்தின் அடியில்கூட நகங்களுக்கான கீறல் இருக்கும். அவசர வேலையில் அந்த இடம் வெறும் துளையாக, சாணைச் சக்கரத்தின் இணைகோடுகளோடு நிற்கும். முகத்தை எல்லோரும் மினுக்குவார்கள். தொடையிடுக்கை மினுக்குபவர்தான் சிற்பி.

கல் சொல்லும் ஊர்

எல்லாவற்றையும் 'சோப்ஸ்டோன்' என்று சொல்லி விற்கிறார்கள். அது பாதிதான் சரி. சோப்ஸ்டோன் என்பது நம் ஊர்க் கல்சட்டி செய்யும் மாக்கல். நகத்தால் கீறினாலே வெள்ளைக்கோடு விழும், தொட்டால் வழுக்கும், சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும். இனுயிட் மக்களும் அதே குணத்துக்காகவே அதில் சமையல் பானையும், சீல் கொழுப்பு எரிக்கும் விளக்கும் குடைந்தார்கள். ஆனால் சிற்பச் சந்தையின் பெரும்பகுதி செர்பன்டைன் என்ற வேறு கல். அது நகத்துக்கு மசியாது, அரம் வேண்டும், மினுக்கம் ஆழமாக ஏறும்.

பாஃபின் தீவின் தென்மேற்கில் உள்ள கின்கைட் ஊரின் செர்பன்டைன் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை, கிட்டத்தட்ட கருப்பு வரை ஓடும். பழைய சீட்டுகளில் இந்த ஊர் கேப் டோர்செட் என்றிருக்கும், பெயர் 2020-இல் மாறியது. 1959-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் இங்கே சிற்பங்களை வாங்கித் தெற்கே அனுப்புகிறது. கல் உறுதியாக இருப்பதால் இந்த ஊர்ச் சிற்பிகள் துணிந்து காற்றில் நீட்டுவார்கள். ஓசுய்டோக் இப்பீலியின் காரிபூ மான், குச்சி போன்ற கால்களில் முழு உடலையும் தாங்கி நிற்கும். ஆபிரகாம் எட்டுங்காட்டின் பறவை சிறகை வானுக்கு உயர்த்தும். நுனா பாரின் கரடி ஒற்றைக் காலில் ஆடும். இதையெல்லாம் மாக்கல்லில் முயன்றால் கணுக்காலில் முறியும்.

கியூபெக்கின் புவிர்னிட்டுக் ஊரில் கிடைப்பது மென்மையான சாம்பல் மாக்கல். மினுக்கிக் கருப்பேற்றிய மேற்பரப்பில் கோடு கீறினால் வெளிறிய உட்கல் தெரியும். முடியையும் சிறகையும் அப்படியே வரைந்துவிடுவார்கள். கல் மென்மை என்பதால் உருவங்கள் கச்சிதமாக, பீடத்தோடு ஒட்டி அமர்ந்திருக்கும். ஜோ தாலிருனிலியின் ஆந்தைகள் இந்த வகை. இப்படிப்பட்ட சிற்பத்தில் சாவி உரசினாலே சாம்பல் வடு விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கனடாவின் வடக்கு ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் உள்நிலத்தில், கடலோரம் இல்லாத பேக்கர் லேக் ஊரில் கல் கடினம், கருப்பு அல்லது அடர்சாம்பல் நிறம். நுணுக்கம் செதுக்க அது இடம் தராது. அங்கேதான் கஸ்தூரி எருது தன் இடத்தைக் கண்டுகொண்டது. அந்த விலங்கின் முடி தரைவரை பாவாடையாகத் தொங்குவதால் மெல்லிய கால் செதுக்கவே தேவையில்லை. முழு உடலும் ஒரே திரள். பார்னபஸ் அர்னாசுங்காக்கின் எருதுகளில் முதுகு மலைச்சரிவு போல இறங்கித் தலை நெஞ்சுக்குள் புதைந்திருக்கும். கல்லின் பிடிவாதமும் விலங்கின் பிடிவாதமும் ஒன்றாகிவிட்ட இடம். இந்தக் கலையில் எங்களுக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வோம்.

ஹட்சன் விரிகுடாவின் பெல்சர் தீவுகளில் உள்ள சனிக்கிலுவாக்கில் ஆர்ஜிலைட் என்ற நுண்மணிக் கல் கிடைக்கிறது. சன்னமான கோடு தெளிவாக நிற்கும். வாத்து, காட்டு வாத்து, லூன் எல்லாம் இங்கே சிறிய அளவில், சிறகிறகாகத் தெரியச் செதுக்கப்படுகின்றன. கிம்மிரூட் ஊரின் பச்சை செர்பன்டைன் ஒளி படும்போது ஓரங்களில் லேசாக ஊடுருவும். அர்வியாட் ஊர்க் கல்லில் விலங்கைவிட மனித முகங்களே சிறப்பு.

ஊரும் கல்லும் பொருந்தாவிட்டால் கேள்வி கேளுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கல் ஊருக்கு ஊர் பயணிக்கிறது. தெற்கு நகரங்களில் வாழும் இனுயிட் சிற்பிகள் பிரேசில் கல்லிலும் செதுக்குகிறார்கள். அது உண்மையான படைப்புதான். கடைக்காரர் அதை வடதுருவக் கல் என்று சொன்னால் மட்டும் பொய்.

வார்ப்பா, கல்லா

கல்தூளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் கலந்து அச்சில் ஊற்றிய பொம்மைகள்தான் மலிவுச் சந்தையை நிரப்பியிருக்கின்றன. வீட்டில் செய்யக்கூடிய மிக நம்பகமான சோதனை அடர்த்தி. சமையலறைத் தராசில் சிற்பத்தை எடைபோடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சிற்பத்தை நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் சிற்பத்தின் கனஅளவு, மில்லிலிட்டரில். முதல் எண்ணை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். செர்பன்டைன் ஏறத்தாழ 2.5 முதல் 2.6, மாக்கல் 2.7 முதல் 2.8, பளிங்கு 2.7. ரெசின் கலவை பெரும்பாலும் 2-க்குக் கீழேயே நிற்கும். 500 கிராம் செர்பன்டைன் கரடி தராசில் சுமார் 195 காட்டும். அதே எடையுள்ள ரெசின் கரடி பெரும்பாலும் 250-ஐத் தாண்டும். நூல் நழுவினால் கரடியும் போகும், பாத்திரமும் போகும். இரண்டு சுற்றுக் கட்டுங்கள். எலும்பு, கொம்பு, தந்தம் செருகிய சிற்பத்தை நீரில் இறக்க வேண்டாம்.

கடையில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது. அங்கே வேறு வழிகள் உண்டு. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நரம்புகூட மாறாமல் இருந்தால் அச்சு. கல் கையில் சில்லென்று இருக்கும், ரெசின் சீக்கிரம் சூடேறும். அடியில் வெல்வெட் துணி ஒட்டியிருந்தால் எதை மறைக்கிறது என்று கேளுங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் ஊசித்துளை போன்ற காற்றுக்குமிழ்களும், காது மடிப்பில் ஓடும் அச்சுக்கோடும் தெரியும். கையெழுத்தை அதே கண்ணாடியில் பாருங்கள். கூரிய கருவியால் கீறியதில் பள்ளம் ஆங்கில 'வி' போலக் கூர்மையாக, ஓரம் சற்றே உதிர்ந்திருக்கும். வார்ப்பில் ஓரம் மழுங்கி உருண்டிருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனை வேலை செய்யும்தான், ஆனால் வடு விடும். அடுத்தவர் பொருளில் செய்யாதீர்கள்.

கையெழுத்தும் சீட்டும்

பல சிற்பங்களில் பெயர் இனுயிட் அசையெழுத்தில் இருக்கும். முக்கோணம், கொக்கி, வளைவு போன்ற வடிவங்கள். ஒரே வடிவம் எந்தத் திசைக்குத் திரும்புகிறதோ அதற்கேற்ப உயிரொலி மாறும். போலியில் இந்த ஒழுங்கு இராது, அலங்காரக் கீறல்கள் மட்டும் இருக்கும். பழைய சிற்பங்களில் பெயருக்குப் பதில் ஓர் எண்ணும் இருக்கலாம். 1941 முதல் கனடிய அரசு இனுயிட் மக்களுக்கு வட்டத்தகட்டில் எண் கொடுத்தது. கிழக்குப் பகுதிக்கு 'ஈ', மேற்குக்கு 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து, அடுத்து வட்டார எண், அதன்பின் ஆளின் எண். 'ஈ7' என்று தொடங்கினால் கின்கைட் வட்டாரம். மனிதரைத் தகட்டெண்ணால் அழைத்த அந்த முறை கண்ணியமற்றது. 1968 முதல் 1971 வரை குடும்பப்பெயர்களைப் பதிந்த பிறகுதான் படிப்படியாக ஒழிந்தது. கலை வரலாற்றுக்கு மட்டும் அது ஒரு தடயத்தை விட்டுப்போயிருக்கிறது.

இக்ளூ என்ற பனிவீட்டின் படம் போட்ட சீட்டு 1958-இல் அரசு தொடங்கிய முத்திரை. 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைச் சிற்பத்தில் கட்டலாம். ஒரு சேவையாக இதற்கு நல்ல மதிப்பெண் தருவோம்: வாங்குபவருக்குச் செலவில்லாத, எளிய உறுதி. குறைகள் இரண்டு. நூலில் தொங்கும் சீட்டை அவிழ்த்து இன்னொன்றில் கட்டிவிடலாம். ஆகவே சீட்டில் உள்ள பெயரையும் அடியில் உள்ள கையெழுத்தையும் ஒப்பிட்டே தீர வேண்டும். அடுத்தது, இனுயிட் கை செய்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, நன்றாகச் செய்தது என்பதற்கு இல்லை. 'இனுயிட் பாணியில்', 'வடதுருவ மரபைத் தழுவி' என்ற வாசகங்கள் எந்த உறுதியும் தருவதில்லை.

கொம்பு, தந்தம், எலும்பு

காரிபூவின் கொம்பும் வால்ரஸின் தந்தமும் பெரும்பாலும் தனியாகச் செய்து துளையில் செருகப்பட்டவை. என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது எல்லை கடக்கும்போது அவசியம். மான்கொம்பின் உள்ளே பஞ்சு போன்ற துளைகள் இருக்கும். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறுகோடுகளும் தெரியும். வால்ரஸ் தந்தத்தின் வெட்டில் நடுப்பகுதி கூழாங்கல் பதித்தது போலத் திட்டுத்திட்டாக இருக்கும்.

கல்லும் காரிபூ கொம்பும் மட்டும் என்றால் பயணத்தில் தொல்லை குறைவு. கடல் பாலூட்டிகளின் பொருள்கள் வேறு கதை. அமெரிக்கா 1972-இல் இயற்றிய சட்டம் திமிங்கில எலும்பு, வால்ரஸ் தந்தம் போன்றவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதைப் பொதுவாகத் தடுக்கிறது. திமிங்கில எலும்புச் சிற்பங்களில் பெரும்பகுதி போஹெட் திமிங்கிலம். அது பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. டொராண்டோவில் வாங்கிச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலும்பு ஈரப்பதம் மாறினால் வெடிக்கும், நம் கடலோரக் காற்றில் பூஞ்சையும் பிடிக்கும்.

சேதத்தைக் கண்டுபிடிப்பது

கணுக்கால், காது, கழுத்து, செருகு துளை. இந்த நான்கு இடங்களில்தான் முறியும். கல்லின் இயல்பான நரம்பு உடலைச் சுற்றித் தொடர்ந்து ஓடும், நகம் தடுக்காது. விரிசலில் நகம் தடுக்கும், மெழுகு வெண்கோடாகத் தேங்கும். ஒட்டிய இடத்தில் மினுக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மாறும்; புற ஊதா விளக்கில் பல பசைகள் நீலமாக ஒளிரும். ஒட்டிய சிற்பத்தை வாங்கவே கூடாது என்றில்லை. சொல்லி விற்றால், விலையைக் குறைத்தால் வாங்கலாம். மறைத்தால் அந்தக் கடைக்கே போக வேண்டாம்.

பராமரிப்பு சுலபம். மென்தூரிகையால் தூசி தட்டுங்கள். சோப்பு, தேங்காய் எண்ணெய், மரச்சாமான் மினுக்கி எதுவும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து மடிப்புகளில் சேறாக்கும். மங்கினால் நிறமற்ற தேன்மெழுகை மிகச் சன்னமாகத் தடவிப் பருத்தித் துணியால் தேயுங்கள். கொம்பைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். அனுப்பும்போது கொம்பையும் தந்தத்தையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பல உடைசல்கள் இதைச் செய்யாததால் வருபவை.

விலை, பரிந்துரை

உள்ளங்கை அளவு கல் கரடி கனடாவில் பொதுவாக 150 முதல் 400 கனடிய டாலருக்குக் கிடைக்கும். பெயர்பெற்ற சிற்பியின் பெரிய நடனக்கரடி ஆயிரங்களில் போகும். 40 டாலருக்கு 'கையால் செதுக்கிய கல் கரடி' என்றால் மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்குங்கள்.

முதல்முறை வாங்குபவருக்கு சனிக்கிலுவாக் பறவை அல்லது கின்கைட்டின் சிறிய நடக்கும் கரடி. கனம் விரும்புபவருக்குப் பேக்கர் லேக் எருது. நடனக்கரடியை முதலில் வாங்க வேண்டாம். சந்தையில் நிறையப் பேர் செய்கிறார்கள், நல்லதற்கும் சாதாரணத்துக்கும் இடையில் தூரம் அதிகம், கண் பழகாமல் தெரியாது. வாங்குமுன் கண்ணைப் பழக்க வழி இருக்கிறது. டொராண்டோ நகர மையத்தில் டிடி வங்கியின் கலைக்கூடத்தில் இனுயிட் கலையைப் பார்க்கக் கட்டணமே இல்லை. வின்னிபெக்கில் 2021-இல் திறந்த கௌமாஜுக் என்ற இனுயிட் கலை மையத்தில் ஆயிரக்கணக்கான சிற்பங்கள் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்துக்குள் நிற்கின்றன. பெட்டகத்தைச் சுற்றி நடந்து, ஒரே விலங்கைப் பத்துக் கைகள் எப்படிச் செதுக்கின என்று ஒப்பிடலாம்.

பணம் கட்டும்போது ரசீதில் சிற்பியின் பெயர், ஊர், கல்லின் வகை, செருகிய பொருள் என்ன, பழுதுபார்த்தது உண்டா என்ற ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைகள் கேட்கும் முன்பே எழுதித் தரும்.